மண்ணை அறிந்த கைகளுக்கு ஒரு தோட்டம்

வன்னிப் பெருநிலத்தின் முதியோர் பலர் காடு வெட்டி வயலாக்கியவர்கள். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துப் போகத்தைக் கணித்தவர்கள். ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்த அளவிலேயே அதன் தன்மையைச் சொல்ல வல்லவர்கள். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் அவர்களைப் பல தடவை இடம்பெயர்த்தது. பிள்ளைகளுட் சிலரை அது பலிகொண்டது. வேறு சிலரைக் கடல் கடந்து போக்கியது. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் உறவின்றித் தனித்து நின்ற முதியோர் சிலருக்கு வவுனியா கோவில்குளம் சிவன் முதியோர் இல்லம் போன்றவை புகலிடமாயின.

இத்தகைய இல்லங்களில் உணவும் படுக்கையும் மருந்தும் கிடைத்துவிட்டாற் போதும் என்று எண்ணுவோர் உளர். கட்டடத்தை எழுப்பிய பின் எஞ்சிய நிலமே முற்றம் என்பதும் பலரது கருத்து. ஆனால், உழைத்துப் பழகிய கைக்கு வேலையே இல்லாமற் போவதும் ஒரு பிணியே அன்றோ?

பசுமை நோயாளருக்கு நன்மை தருவதைக் காட்டிய ஆய்வுகளுள் ரொஜர் உல்ரிச் என்பார் 1984 இல் வெளியிட்டது புகழ்பெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரையே கண்டவர்களிலும் விரைவில் வீடு திரும்பினர். வலி நீக்கும் கடுமையான மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

நமக்கு இதனினும் நெருங்கியது 1976 இல் எலன் லாங்கர், ஜூடித் ரொடின் என்னும் இருவர் கனெக்ரிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றிற் செய்த சோதனை. ஒரு மாடியினரிடம் செடிகளைக் கொடுத்து, அவற்றைப் பேணுவதும் அன்றாட வாழ்வின் சில முடிவுகளும் அவர்கள் பொறுப்பே என்றனர். மற்ற மாடியினருக்கும் செடி கிடைத்தது. ஆனால் தாதியரே அதற்கு நீர் ஊற்றினர். பொறுப்பேற்றவர்களே கூடுதலான உற்சாகத்தோடும் விழிப்போடும் காணப்பட்டனர். செடி இருந்தால் மட்டும் போதாது. அது ‘என்னுடையது’ என்னும் உரிமையும் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

அவ்வாறாயின் வன்னியில் அத்தோட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலாவது, நிழல். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையே பெய்வது. அதன்பின் வெயிலும் சோளகக் காற்றும் வருத்தும். ஆகவே வரட்சியைத் தாங்கும் வேம்பு மேற்குப் புறத்தில் நிற்பது நன்று. நாவல் போன்றவற்றின் கனி விழுந்து வழுக்குமாதலால் அவை பாதையிலிருந்து விலகி நிற்கட்டும்.

இரண்டாவது, பாதை. படியின்றிச் சமமாகவும், சக்கர நாற்காலியின் அருகே ஒருவர் நடக்கத்தக்க 5 அடி அகலமுடையதாகவும் அது இருத்தல் வேண்டும். மணலிற் சக்கரம் புதையும். வெண்சீமெந்து வெயிலிற் கண்ணைக் கூசச் செய்யும். புறப்பட்ட வாயிலுக்கே சுற்றி வந்து சேரும் பாதையானால், நினைவு தடுமாறுவோரும் வழி தவறார். இடையிடையே நிழலில், கைப்பிடியுள்ள இருக்கைகள் வேண்டும். கையூன்றி எழ அவை உதவும்.

மூன்றாவது, பாத்தி. குனிய இயலாதோர்க்காகச் செங்கல்லால் 2 அடி உயரத்துக்கு மேடை கட்டி மண் நிரப்பலாம். இருபுறமும் நின்று வேலை செய்வதாயின் 4 அடி அகலம் போதும். கத்தரி, மிளகாய், பயிற்றை, கீரை ஆகியவற்றோடு துளசியும் மல்லிகையும் வளரட்டும். பார்வை மங்கியவர்க்கு நறுமணமே வழிகாட்டி. கிணற்றடி நீர் வீணாகாமல் வாழைக்குப் பாய்வது நம் முன்னோர் கண்ட முறையே. ஆனால் அலரி வேண்டாம். அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. நுளம்பு பெருகும்படி நீர் தேங்கவும், பாம்பு ஒதுங்கும்படி பற்றை மண்டவும் இடங்கொடுத்தல் ஆகாது.

இவை அனைத்தும் அமைந்தும் கதவு பூட்டிக் கிடந்தால் என்ன பயன்? முதியவர் விழுந்துவிடுவாரோ என்னும் அச்சம் நியாயமானதே. எனினும் உட்கார்ந்தே இருக்கும் கால்கள் நாளடைவில் வலுவிழக்கும். வலுவிழந்த கால்களே எளிதில் இடறும். காலை இளவெயிலிலும் மாலையிலும் ஒருவர் துணை நிற்க, கதவு திறந்திருப்பதே தக்க காவலாகும்.

இலங்கையில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000 ஆம் ஆண்டில், 9 ஆம் இலக்கமாக நிறைவேறியது. சட்டம் செய்யக்கூடியது ஓரளவே. எஞ்சியது நம் கடமை. ஐப்பசி மழைக்கு முன் ஒருநாட் சிரமதானத்தில் மாணவர்கள் இரண்டு பாத்திகளை அமைத்துவிடலாம். ஆனால் மண்வெட்டியைத் தொடுமுன் அங்குள்ள முதியவரிடம், “அப்பு, இந்த மண்ணுக்கு எது வாய்க்கும்?” என்று கேளுங்கள். ஆச்சியிடம் எந்தக் கீரை வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விதையையே நடுங்கள். அப்போதுதான் அத்தோட்டம் அவர்களுடையதாகும்.