டேங்க் நிரம்பவே இல்லையா? அப்போ டேஞ்சர் பாஸ்!

"உங்க வீட்ல டாய்லெட் இருக்காக்கா?"

என்.எஸ்.எஸ். கேம்ப்புக்காக ஆரணியில ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக் கதவைத் தட்டி இப்படிக் கேட்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். முன்கட்டு முழுக்கத் தறி. குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்து நெய்துட்டு இருக்கிற அக்கா, கையை நிறுத்தாமலே பதில் சொல்றாங்க.

"ஓ, இருக்கே தம்பி! செப்டிக் டேங்க் கட்டி பதினஞ்சு வருஷமாச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூட நிரம்பினதில்ல!"

அவங்க குரல்ல பெருமை. நீங்களும் ஃபார்ம்ல ஒரு டிக் அடிச்சுட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவீங்க. அங்கதான் கோட்டை விட்டீங்க!

நிரம்பாத டேங்க்கின் ரகசியம்

முறையான செப்டிக் டேங்க்னா தண்ணி கசியாதபடி அடியிலயும் சுவத்துலயும் பூச்சு இருக்கணும். உள்ளே ரெண்டு அறை வேணும். கசடு அடியில தங்கும்; தெளிஞ்ச தண்ணி மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகும். தங்குற கசடை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வெச்சு உறிஞ்சி எடுக்கணும்.

பதினஞ்சு வருஷமா நிரம்பலைன்னா? ஒண்ணு, அடியில பூச்சே இல்லாம எல்லாம் மண்ணுக்குள்ள இறங்குது. இல்லைன்னா, ஒரு பைப் வழியா தெருச் சாக்கடைக்குப் போகுது. நாலடி தள்ளி போர்வெல் இருந்தா கதையை நீங்களே முடிச்சுக்கலாம்.

எண்ணிக்கை ஏறுது... ஆனா?

2011 சென்சஸ்படி தமிழ்நாட்டு வீடுகள்ல பாதிக்கும் குறைவாத்தான், அதாவது 48.3 சதவீதத்துலதான் டாய்லெட் இருந்தது. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வே, இங்கே 72 சதவீதத்துக்கும் மேற்பட்டவங்க மேம்பட்ட கழிப்பறை வசதியோட இருக்காங்கன்னு சொல்லுச்சு. நல்ல முன்னேற்றம்தான், கை தட்டலாம். ஆனா இந்தக் கணக்கு கழிப்பறையோட நின்னுடுது. அதுக்கப்புறம் கழிவு எங்கே போச்சுன்னு சொல்றதில்லை.

அதனாலதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் அஞ்சு படி வெச்சிருக்காங்க. முதல் படி, திறந்தவெளி. ரெண்டாவது, பேருக்கு ஒரு குழி. மூணாவது, நல்ல டாய்லெட்தான், ஆனா பக்கத்து வீட்டோட பங்கு. நம்ம ஊர் லைன் வீடுகள் மாதிரி. நாலாவது, சொந்த டாய்லெட். அஞ்சாவதுதான் 'பாதுகாப்பான சுகாதாரம்': கழிவு அங்கேயே பத்திரமா மட்கணும், இல்லேன்னா வெளியே போய் சுத்திகரிக்கப்படணும். 2024 கணக்குப்படி உலகத்துல 340 கோடிப் பேர் இந்த அஞ்சாவது படியைத் தொடலை.

இதைப் படமாப் போட்டுக் காட்டவும் ஒரு முறை இருக்கு. பேரு 'ஷிட் ஃப்ளோ டயக்ரம்'. சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் பேரு! ஊரோட கழிவுல பத்திரமாப் போய்ச் சேர்றது பச்சை, வழியில கொட்டறது சிவப்பு. ஒரு பார்வையில ஊரோட வண்டவாளம் தெரிஞ்சிடும்.

தமிழ்நாட்டுல 2015ல ஆரம்பிச்ச நகர்ப்புற சுகாதாரத் திட்டம் இந்த ரூட்லதான் போச்சு. திருச்சியிலயும், கோவை பக்கத்துல பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையத்துலயும் தொட்டி, லாரி, சுத்திகரிப்புன்னு முழுச் சங்கிலியையும் ஆராய்ஞ்சாங்க. மதுராந்தகம் பக்கத்துல கருங்குழியில, லாரி கொண்டுவர்ற கசடுக்குன்னே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கு.

உயிர் சம்பந்தப்பட்டது

டேங்க்கைத் திறந்து ஒரு மனுஷனை இறக்கினா, உள்ளே இருக்கிற விஷவாயு சில நொடியில ஆளைச் சாய்ச்சிடும். பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கறதை 2013லயே சட்டம் தடை பண்ணிடுச்சு. அப்படியும் சாவு நிக்கலை. 2014ல பத்து லட்சம் நஷ்டஈடு தரச் சொன்ன சுப்ரீம் கோர்ட், 2023ல அதை முப்பது லட்சமா உயர்த்துச்சு. தொகை உயர்ந்ததுல சந்தோஷப்பட என்ன இருக்கு? இன்னும் ஆள் இறங்குறான்னுதானே அர்த்தம்!

உங்க சர்வேக்கு அஞ்சு கேள்வி

1. டாய்லெட் உங்களுக்கு மட்டுமா, பங்கா?

2. தொட்டியோட அடியில பூச்சு இருக்கா? வழியற தண்ணி எங்கே போகுது?

3. கடைசியா எப்போ கசடு எடுத்தீங்க?

4. எடுத்தது லாரியா, ஆளா? லாரின்னா எங்கே கொண்டுபோய்க் கொட்டுச்சு?

5. குப்பை வண்டி வாசலுக்கு வருதா? மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சு வாங்குறாங்களா?

நாலாவது கேள்விக்கு நிறைய பேர் 'தெரியலையே தம்பி'ன்னுதான் சொல்வாங்க. அதையும் அப்படியே எழுதுங்க. அதுவும் ஒரு பதில்தான்.

பாவுல ஒரே ஒரு இழை அறுந்தாலும் தறியை நிறுத்திட்டு முடிச்சுப் போடற ஊர் ஆரணி. அறுந்த இழை எதுன்னு காட்டிட்டா, அதைச் சேர்க்க அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்டற வேலை உங்களோடது.

மொதல்ல உங்க வீட்லயே ஆரம்பிங்க. இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அப்பாகிட்ட கேளுங்க: "நம்ம டேங்க்கை கடைசியா எப்போப்பா கிளீன் பண்ணோம்?"