ஜீப்புக்கு அகலக்கால் வேண்டாம்



ஏலத்துக்கு உரம், மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்கு ஜீப்புச் சக்கரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. தேவாரம், போடி, கம்பம் பக்கத்து ஆட்கள் விடிகாலையில் ஜீப்பில் ஏறி, மெட்டுக்கு மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிறார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்த மாதிரி மலையேறும் வண்டிக்கு 'ஸ்பேசர்' மாட்டலாமா, கூடாதா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற கனமான வட்டத் தட்டு. சக்கரத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி வைக்கும். பக்கத்துக்கு 30 மி.மீ. வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 60 மி.மீ. அகலம் கூடும். அகல டயர் போட்டு, அது உள்ளே பட்டையில் உரசினால் சிலர் மாட்டுவார்கள். பார்வைக்காக மாட்டுகிறவர்களும் உண்டு. கால் அகன்றால் வண்டி கவிழாது என்று நம்பி மாட்டுகிறவர்கள்தான் நமக்கு முக்கியம்.

அந்த நம்பிக்கையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எவ்வளவு என்று பாருங்க. பழைய ஜீப்பில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே சுமார் நாலு அடி. அதில் 60 மி.மீ. என்பது இரண்டரை அங்குலம்கூட இல்லை, நூற்றுக்கு ஐந்து பங்கு. மேல் கேரியரில் நாலு மூட்டையை ஏற்றினாலே பாரம் உயர்ந்து, கிடைத்த லாபம் போய்விடும். கவிழக் கூடாது என்றால் மூட்டையைக் கீழே இறக்குவதுதான் செலவில்லாத வழி.

இனி நஷ்டத்துக்கு வருவோம். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதும், கையை நீட்டித் தூக்குவதும் ஒன்றா? குடம் அதே குடம்தான், தோள்பட்டை மட்டும் கடுக்கும். ஜீப்பிலே அந்தத் தோள்பட்டைதான் பேரிங். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள வெளிப்பக்கத்துப் பேரிங் கூடுதல் பாரத்தை வாங்கிச் சீக்கிரம் தேயும். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கும் கெடும். குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறும். ஒரு பக்க பிரேக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இறக்கத்து வளைவில் இந்த இழுப்பு நல்லதா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஸ்டட்டும் நட்டும். சக்கரம் ஸ்டட்டிலே தொங்கிக்கொண்டு பாரத்தைச் சுமக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லீங்க. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ஒரு மயிரிழை நீண்டு, ரப்பர் மாதிரி சக்கரத்தை ஹப்போடு இழுத்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் இரண்டு முகமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பாரத்தையும் பிரேக்கையும் தாங்குவது இந்தப் பிடிதான். பிடி தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் இப்படியும் அப்படியும் வளையும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதைதான்.

வெறும் தட்டைக் கோத்து, பழைய ஸ்டட்டிலேயே நட்டுப் போட்டால், தட்டின் கனம் அளவுக்குப் புரி குறைந்துபோகும். ஸ்டட்டின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு புரியேறி இருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட், ஒன்றரை மி.மீ. புரி என்றால் குறைந்தது எட்டுச் சுற்று. நாலு சுற்றில் நட்டு நின்றுவிட்டால் அந்த வண்டியை எடுக்கவே கூடாது. தட்டுக்குப் பதில் வாஷர்களைக் கோப்பது இன்னும் மோசம். முகத்தோடு முகம் ஒட்டவே ஒட்டாது.

தனி ஸ்டட் வைத்த ஸ்பேசரும் உண்டு. அதை முதலில் ஹப்பில் முடுக்கி, அதன் மேல் சக்கரத்தை மாட்டுவார்கள். வெறும் தட்டைவிட இது தேவலை. ஆனால் ஒரு பிடி இருந்த இடத்தில் இரண்டு பிடி. உள்ளே இருக்கிற நட்டு தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். தினமும் மலையேறுகிற வண்டிக்கு யார் வாராவாரம் கழற்றிப் பார்ப்பார்கள்?

'டிராக்டர் பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டி அகலப்படுத்துகிறோமே, அது தப்பில்லையா?' என்று கேட்கலாம். அது கம்பெனிக்காரனே வரிசைப் பயிருக்காக அளவு குறித்துச் செய்து கொடுத்த வசதி. அச்சும் அதற்குத் தக்க கனம்.

சட்டமும் சும்மா இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜெர்மனியில் ஸ்பேசர் மாட்ட முடியும். ஆனால் சோதனைச் சான்று பெற்ற பொருளாக இருக்க வேண்டும், மாட்டிய வண்டியைப் பரிசோதகர் பார்க்க வேண்டும். லேத்தில் கடைந்து வாங்கிவரும் தட்டுக்கு அங்கேயும் இடமில்லை.

ஏற்கெனவே மாட்டியிருக்கிறவர்கள் கழற்றிவிடுங்கள். டயர் உரசினால் வண்டிக்குரிய அளவு டயருக்கே திரும்புங்கள். கழற்றும்போது ஸ்டட்டுகளைத் துடைத்துப் பாருங்கள். புரி நசுங்கியிருந்தாலோ, ரிம்மின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்து ஆடியதற்கு அடையாளம். ஒட்டும் முகங்களில் பெயிண்ட், கிரீஸ், மண் இருக்கக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஜாக்கியை இறக்கியபின் கம்பெனி சொன்ன அளவுக்குக் கடைசி முடுக்கு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆட்களை ஏற்றுங்கள்.