முடியும் சிலுவையும் – 9: போப்பாண்டவருக்கு 106 கேள்விகள்

கி.பி. 866 ஆகஸ்டில் பல்கேரியாவிலிருந்து ஒரு தூதுக்குழு ரோம் நகருக்கு வந்து சேர்ந்தது. தலைமை தாங்கி வந்த பீட்டர், மன்னர் போரிஸின் உறவினர். போப் முதலாம் நிக்கோலஸிடம் கேட்பதற்கென்று மன்னர் கொடுத்தனுப்பிய நீண்ட கேள்விப் பட்டியல் அவர்களிடம் இருந்தது. அந்தப் பட்டியல் காலத்தில் தொலைந்துவிட்டது. நவம்பரில் போப் எழுதிய பதில்கள் மட்டும் 106 பத்திகளாகப் பிழைத்திருக்கின்றன. நல்லவேளையாக, நீங்கள் இன்னது கேட்டீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் அவர் பதிலுக்கு வருகிறார்.

கால்சட்டை அணியலாமா? புதனும் வெள்ளியும் குளிக்கலாமா? தலையில் கட்டிய துணியோடு கோயிலுக்குள் போகலாமா? போருக்குக் குதிரை வாலைக் கொடியாகக் கொண்டுபோவோமே, இனி எதைக் கொண்டுபோவது? வாளை நடுவில் வைத்துச் சத்தியம் செய்வோமே, இனி எதன்மேல் செய்வது? இறையியல் நுணுக்கம் தேடிப் படிப்பவருக்கு ஏமாற்றம்தான். எனக்கோ, இடைக்கால ஐரோப்பாவில் மதம் மாறிய எந்த மன்னரையும்விட இவர் நெருக்கமாகத் தெரிவது இந்தக் கேள்விகளால்தான்.

போரிஸ் 852இல் பட்டத்துக்கு வந்தார். கீவ் நகரத்து மன்னர் விளாதிமிரின் ஞானஸ்நானத்துக்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. பிளிஸ்காவில் இருந்து ஆண்ட பல்கர்கள் புல்வெளியிலிருந்து வந்த குதிரை வீரர்களின் வழித்தோன்றல்கள்; குடிமக்களில் பெரும்பாலோர் ஸ்லாவிய உழவர்கள். கிறிஸ்தவமோ பகையாளியான பைசாந்தியத்தின் மதம். போரிஸின் முன்னோரான குரூம், 811இல் பைசாந்தியப் பேரரசர் நிக்கிஃபோரஸைப் போரில் கொன்று, அவருடைய மண்டையோட்டுக்கு வெள்ளிப் பூண் போட்டு மதுக் கிண்ணம் ஆக்கியவர். அதே வம்சத்தில் கிறிஸ்தவனாகிவிட்ட இளவரசன் என்ராவோட்டாவுக்கு மரண தண்டனை கிடைத்தது.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஏன் மாறினார்? முதலில் அவர் கணக்கு வேறாக இருந்தது. வடமேற்கில் ஜெர்மானிய மன்னர் லூயியோடு கூட்டணி வைத்து, அவர்கள் வழியே கிறிஸ்தவம் பெறுவதாகத் திட்டம். தங்கள் வாசலிலேயே ரோமின் சபை வந்து உட்காருவதைப் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் பொறுக்குமா? பேரரசர் மூன்றாம் மிக்கேல் எல்லைக்குப் படையையும் கடற்கரைக்குக் கப்பல்களையும் அனுப்பினார். பல்கேரியாவில் அப்போது பஞ்சம். படையோ வேறு திசையில். போரிஸ் சண்டை போடாமல் இறங்கி வந்தார். 864 வாக்கில் கிரேக்கக் குருமார் கையால் ஞானஸ்நானம். ஞானத் தந்தை பேரரசரே. அவர் பெயரே புதுப் பெயரும் ஆனது: மிக்கேல். சடங்கு நள்ளிரவில் நடந்ததாக ஒரு பைசாந்திய வரலாற்று நூல் சொல்கிறது.

விஷயம் வெளியே வந்ததும் நாட்டின் பத்து வட்டாரங்களிலிருந்தும் பிரபுக்கள் திரண்டு அரண்மனையைச் சூழ்ந்தார்கள். போரிஸோடு இருந்தவர்கள் 48 பேர் என்கிறது பிராங்குகளின் ஆண்டுக் குறிப்பு. மந்திரம் போட்டதுபோல அவர் வென்றதாக எழுதுகிறார்கள். எப்படி வென்றார் என்பதைவிட வென்றபின் செய்தது முக்கியம். தலைவர்கள் 52 பேரைக் கொன்றார். போப்பின் பதிலில் அதற்கு மேலும் ஒரு செய்தி இருக்கிறது: அவர்கள் பிள்ளைகுட்டிகளும் வாளுக்கு இரையானார்கள். சாதாரண மக்களை விட்டுவிட்டார். அதைச் செய்தது பாவமா என்று போரிஸே கேட்டிருக்கிறார். கலகத்தில் பங்கில்லாத பிள்ளைகளைக் கொன்றது பாவம்தான், பரிகாரம் செய் என்றார் நிக்கோலஸ்.

ரோமுக்கு எழுதியதே ஒரு காய் நகர்த்தல். தன் நாட்டுக்குத் தனித் தலைமைக் குரு வேண்டும் என்பது போரிஸின் விருப்பம். கான்ஸ்டாண்டிநோபிளின் முதுபெரும் தந்தை ஃபோத்தியஸிடமிருந்து வந்ததோ, கொள்கை விளக்கமும் அரசனுக்கான அறிவுரையும் நிரம்பிய நீண்ட கடிதம். இதற்கிடையில் ஆளுக்கொரு விதி சொல்லும் போதகர்கள் நாட்டுக்குள் புகுந்திருந்தார்கள். புதன், வெள்ளிக் குளியல் கூடாது என்றவர்கள் கிரேக்கர்களே. குரு என்று பொய் சொல்லிப் பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஒரு கிரேக்கனைப் பல்கேரியர்கள் மூக்கும் காதும் அறுத்துத் துரத்தியிருந்தார்கள். அவன் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்பதும் ஒரு கேள்வி. செல்லும், ஆனால் நீங்கள் செய்த கொடுமை தவறு என்றார் போப்.

குளிக்கலாம், கால்சட்டை உங்கள் இஷ்டம், குதிரை வாலுக்குப் பதில் சிலுவை, வாளுக்குப் பதில் நற்செய்தி நூல். மனைவிகூட உடன் அமராமல் மன்னர் மட்டும் தனியே சாப்பிடும் வழக்கம் விசுவாசத்துக்கு விரோதம் இல்லை, நல்ல பண்புக்கு விரோதம். திருடனை அடித்து ஒப்புதல் வாங்குவதை இறைச் சட்டமும் ஏற்காது, மனிதச் சட்டமும் ஏற்காது. ஒன்பதாம் நூற்றாண்டுக்கு இது வியப்பூட்டும் பதில். ஓர் இடத்தில் மட்டும் நிக்கோலஸ் இளகவே இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த எங்கள் பெற்றோருக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடாது என்பதே பதில்.

பதில்களோடு வந்த ஆயர்களில் ஒருவரான ஃபார்மோசஸை போரிஸுக்கு மிகவும் பிடித்துப்போனது. இவரையே பேராயராக்குங்கள் என்று கேட்டார். ஓர் ஊர் ஆயர் இன்னோர் ஊருக்கு மாறக்கூடாது என்று ரோம் மறுத்தது. (இதே ஃபார்மோசஸ் பிற்பாடு போப் ஆனார். 897இல் அவர் சடலத்தைத் தோண்டியெடுத்து உட்காரவைத்து விசாரித்தபோது, ஊர் மாறியதும் ஒரு குற்றச்சாட்டு!) அடுத்த போப்பும் போரிஸ் கேட்டவரைத் தரவில்லை. 870இல் பல்கேரியத் தூதர்கள் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில் போய் நின்றார்கள். இம்முறை கிரேக்கர்கள் முரண்டு பிடிக்கவில்லை; பேராயர் கிடைத்தார், ஓரளவு தன்னாட்சியும் கிடைத்தது. இரண்டு கடைகளில் விலை விசாரித்து வாங்கிய வியாபாரம் இது.

ஆனாலும் பூசை மொழி கிரேக்கமாகவே இருந்தது, குருமாரும் வெளியார். மொராவியாவில் ஸ்லாவிய மொழி வழிபாட்டுக்காகப் பாடுபட்ட மெத்தோடியஸ் இறந்ததும், அவருடைய சீடர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். 886இல் கிளெமென்ட், நாவும், ஆங்கெலாரியஸ் ஆகியோர் பிளிஸ்காவுக்கு வந்தபோது போரிஸ் அவர்களைக் கொண்டாடி வரவேற்றார். கிளெமென்டை ஒஹ்ரிட் பக்கம் அனுப்பினார். அங்கே 3,500 மாணவர்கள் அவரிடம் படித்ததாக அவர் வரலாறு கூறுகிறது. போரிஸின் ஆட்சியில் மிகப் பெரிய காரியம் எதுவென்று கேட்டால் நான் ஞானஸ்நானத்தைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். பல்கரும் ஸ்லாவியரும் ஒரே மக்களாகக் கலக்க ஸ்லாவிய மொழி வழி திறந்தது.

889இல் முடியை மூத்த மகன் விளாதிமிர் ராசாத்தேவிடம் கொடுத்துவிட்டு மடத்துக்குள் போனார். மகனோ பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவர முனைந்தான். 893இல் துறவி வெளியே வந்தார். மகனைப் பிடித்தார், கண்களைப் பிடுங்கச் செய்தார், சிறையில் தள்ளினார். பிறகு நாட்டாரைக் கூட்டி, கான்ஸ்டாண்டிநோபிளில் படித்து வந்த இளைய மகன் சிமியோனை அரியணையில் ஏற்றினார். தலைநகரம் பிரெஸ்லாவுக்கு மாறியது. கிரேக்கத்தின் இடத்தில் ஸ்லாவிய மொழி அமர்ந்தது. கிறிஸ்தவத்தை விட்டு விலகினால் அண்ணனுக்கு நேர்ந்ததே உனக்கும் என்று எல்லோர் முன்னிலையிலும் மகனை எச்சரித்ததாக ரெகினோ என்ற ஜெர்மானிய மடாதிபதி எழுதிவைத்திருக்கிறார். மறுபடி மடத்துக்குப் போன போரிஸ் 907 மே 2ஆம் தேதி இறந்தார்.

சிமியோன் கிறிஸ்தவத்தை விடவில்லை. ஆனால் பட்டமேறிய மறு ஆண்டே, பல்கேரிய வணிகர்களுக்கான சந்தையைக் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து தெசலோனிக்காவுக்கு மாற்றியதால் மூண்ட சண்டையில், தன்னைப் படிக்கவைத்த பேரரசின் மீதே படையெடுத்தார். அது அடுத்த வாரம்.