'வைஃபை', 'அருகலை': பெயர்க்காரணமும் வழக்கும்

வீட்டு இணையப் பயன்பாட்டில் மிகுதியாக வழங்கும் சொல் 'வைஃபை'. இதனை 'வயர்லெஸ் ஃபிடிலிட்டி' என்பதன் சுருக்கமாகக் கொள்வோர் பலர். அக்கருத்து பொருந்துவதன்று. 1997இல் வெளியான 802.11 என்னும் கம்பியில்லாப் பிணையத் தரத்திற்கு, மக்கள் நாவில் நிற்கும் பெயரொன்று தேவைப்பட்டது. 1999இல் இன்டர்பிராண்ட் என்னும் பெயராக்க நிறுவனம், 'ஹை-ஃபை' என்பதன் ஓசையை ஒட்டி இதனை உருவாக்கியது. மேற்கூறிய விரிவு பின்னர் விளம்பரத் தொடர் வழியே வந்து ஒட்டிக்கொண்டது. எனவே நன்னூல் மரபில் இதனை இடுகுறிப்பெயர் எனலாம்.

எழுத்து நிலையிலும் இச்சொல் புதியது. குற்றெழுத்தை அடுத்து வரவேண்டிய ஆய்தம் இங்கு ஐகாரத்தின் பின் நிற்கிறது. எனினும் 'வைஃபையை', 'வைஃபையில்' என யகர உடம்படுமெய் பெற்று இயல்பாகவே வேற்றுமை ஏற்கிறது.

தமிழாக்கமான 'அருகலை' (அருகு + அலை) காரணப்பெயர். திசைவிக்கும் கைப்பேசிக்கும் இடையே, ஓரிரு சுவர்களைக் கடக்கும் அளவிற்குள் இயங்கும் வானொலி அலை என்னும் பொருளை அது தெளிவாகத் தருகிறது. புளூடூத்தும் அருகே இயங்குவதுதானே என வினவலாம். அதற்கு 'ஊடலை' என வேறு பெயர் வழங்குவதால், அருகலையைக் காரண இடுகுறியாகக் கொள்வதே தகும். 'ஊடலை' என்பதோ ஊடல் என்னும் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவத்தோடு மயங்குகிறது. ஆக்கியோர் இதனைக் கருதியதாகத் தெரியவில்லை.

பேச்சு வழக்கில் நேரும் பொருள் விரிவே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. 'வைஃபை வரவில்லை' என்னும் தொடர் இரு வேறு நிலைகளைக் குறிக்கிறது. திசைவியின் அலை கைப்பேசியை எட்டாமை ஒன்று. திசைவிக்கு வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பே அறுந்திருத்தல் மற்றொன்று. பின்னதில் கைப்பேசித் திரையின் அலைக்குறி நிறைந்தே காணப்படும். இணையம் மட்டும் கிடைக்காது. முன்னதற்குத் திசைவியை இடம் மாற்றுதலோ, 5 கிகாஹெர்ட்சு அலைவரிசையிலிருந்து சுவரை எளிதிற் கடக்கும் 2.4 கிகாஹெர்ட்சுக்கு மாறுதலோ தீர்வாகலாம். பின்னதற்கு இவை எவையும் பயன்படா. சேவை வழங்குநரே இணைப்பைச் சீர்செய்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும் வழக்கால், பழுது எங்குள்ளது என்பதைச் சொல்வோராலும் கேட்போராலும் அறிய இயலாமற் போகிறது. 'அருகலை உள்ளது, இணையம் இல்லை' என்று கூறுமிடத்து அம்மயக்கம் எழுவதில்லை. 'வைஃபை' என்பதை நீக்காமலேயே 'இணையம்' என்னும் சொல்லை அதனின்று பிரித்து வழங்கினும் இப்பயன் கிட்டும்.