ஒரு ரீடிங் போதாது!

உங்க அக்காவுக்கோ அண்ணிக்கோ டாக்டர் 'பீட்டா எச்.சி.ஜி' டெஸ்ட் எழுதிக் கொடுத்து, ரெண்டு நாள் கழிச்சு அதையே மறுபடி எடுக்கச் சொன்னா, "காசு பறிக்கிறாங்க"ன்னு நினைச்சுடாதீங்க. காரணம் இருக்கு.

கரு ஒட்டிக்கொண்டதும், பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள் எச்.சி.ஜி ஹார்மோனைச் சுரக்கும். அது முதலில் ரத்தத்தில் கலந்து, பிறகுதான் சிறுநீருக்கு வரும். அதனால் வீட்டு கிட்டை விட ரத்தப் பரிசோதனை சில நாள் முன்னாடியே சொல்லிவிடும். ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லி யூனிட்டுக்குக் கீழே என்றால் பொதுவாகக் கர்ப்பம் இல்லை. 25-க்கு மேல் என்றால் கர்ப்பம். நடுவில் வந்தால் மறுபடி டெஸ்ட்.

ஆனா கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் ஒட்டினாலும் இதே ஹார்மோன்தான். கிட்டும் ரெண்டு கோடு காட்டும்! அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? மேத்ஸில் படிச்ச டெரிவேட்டிவ்தான். ஆரம்ப வாரங்களில் இந்த அளவு சுமார் 48 முதல் 72 மணி நேரத்தில் இரட்டிப்பாகும். ரொம்ப மெதுவாக ஏறினாலோ இறங்கினாலோ, கரு கலைகிறதா, குழாயில் தங்கியிருக்கிறதா என்று ஸ்கேனும் சேர்த்துப் பார்ப்பார்கள். கருவிக்குக் கருவி ரீடிங் மாறும் என்பதால் ரெண்டு டெஸ்டும் ஒரே லேபில் எடுங்க.

8 முதல் 11 வாரத்தில் உச்சம் தொட்டு, அப்புறம் தானாகவே குறையும். அது இயல்புதான்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் கடும் வலி, ரத்தக்கசிவு, மயக்கம் என்றால் ரெண்டாவது ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.