நீரிணையும் நெஞ்சுரமும்

வல்வெட்டித்துறைக் கரையில் நின்று வடக்கே நோக்குவோருக்குக் கோடிக்கரை தென்படுவதில்லை. கரையில் நிற்பவன் நிலை இதுவாயின், கடலினுள் நீந்துபவன் நிலை யாது? நீர்மட்டத்திற்கு ஒரு சாண் மேலே தலையை உயர்த்தி நோக்குபவனுக்கு அடிவானம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே முடிந்துவிடுகிறது. அவன் நகர, அந்த வட்டமும் அவனோடு நகர்கிறது. முன்னேறினோம் என்பதற்குக் கண்கண்ட சான்று ஏதும் அவனுக்கு இல்லை. நெடுங்கடல் நீச்சலின் முதல் இடர் இதுவே என்பது என் எண்ணம்.

1954ஆம் ஆண்டிலே தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி அவ்விடரை ஏற்றார். வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். நேர்கோட்டில் அளந்தாலே ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் அது. நீரோட்டமோ எவரையும் நேர்கோட்டில் விடுவதில்லை. 1966இல் மிகிர் சென் என்னும் வங்காளி வீரர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். தூரம் அதனிலும் மிகக் குறைவு. ஆயினும் அவருக்கு 25 மணி 36 நிமிடங்கள் சென்றன. கடலைக் கோல்கொண்டு அளப்பது வீண் என்பதற்கு இது போதாதா?

நீச்சல் வீரன் என்றதும் அகன்ற தோளும் ஒட்டிய வயிறுமாகச் செதுக்கிய சிலையொன்று நம் மனக்கண்முன் தோன்றும். குளத்துப் பந்தயத்திற்கு அவ்வுடல் பொருந்தும். நெடுங்கடல் கேட்பதோ வேறு. நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் சூட்டைக் கவர்வது. வாடை தணிந்து சோளகம் எழுமுன் உள்ள அமைதியான நாட்களிலே நம் கடல்நீரின் சூடு 28 பாகை அளவில் இருக்கும். வெதுவெதுப்பே எனினும் உடற்சூட்டிலும் ஒன்பது பாகை குறைவு. ஒரு பகலும் ஓர் இரவும் அதிற் கிடப்பவனுக்குத் தோலின்கீழ்ச் சிறிது கொழுப்பு இருத்தல் குறையன்று, கவசமாகும். தோள்மூட்டின் பாட்டையும் எண்ணுங்கள். நிமிடத்திற்கு ஐம்பது வீச்சு எனக் கொண்டால், 27 மணி நேரத்தில் எண்பதாயிரம் வீச்சு! அக்குளும் கழுத்தும் உரசிப் புண்ணாகும். உப்புநீர் பட்டு நாக்கு வீங்கும். சொறிமுட்டையின் கொடுக்கு எரிச்சலைப் பற்றி நம் கரையோரத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் உடலின் பாடு. 1971இல் வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன் செய்ததற்கு இவ்விளக்கம் போதாது. அவர் கோடிக்கரைக்கு நீந்திச் சென்று, மீண்டும் நீந்தித் திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம். கோடிக்கரை மணலை அடைந்த அந்தக் கணத்தைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். உடல் முழுவதும் உறக்கத்திற்கு ஏங்குகிறது. எண்ணிவந்த கரை எதிரே இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டித் திரும்பவும் இருண்ட நீரை நோக்குவதற்கு எத்தகைய மனம் வேண்டும்! வீரம் என்னும் சொல் இங்கே எனக்கு நிறைவு தரவில்லை. சலிப்பை வெல்லும் ஆற்றல் என்றே அதனைக் கூறுவேன். 1980இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றதும், 1981இல் சென்னை அண்ணா நீச்சற்குளத்தில் 80 மணி நேரம் நீரிலேயே நிலைகொண்டதும் அவரது பிற சாதனைகள். வேகம் அங்கே தேவைப்படவில்லை. ஒரே செயலை விடாது செய்யும் மனமே தேவைப்பட்டது. நம் பாடசாலைப் போட்டிகளில் ஓட்டத்திற்கும் பாய்ச்சலுக்கும் கிண்ணம் கொடுக்கிறோம்; இந்தப் பண்பை அளக்க நம்மிடம் கடிகாரம் இல்லை.

ஆனால் இப்பண்புக்கு மறுபுறமும் உண்டு. 1875இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்த மத்தியூ வெப், 1883இல் நயாகரா ஆற்றின் சுழிகளில் இறங்கி மாண்டார். ஆனந்தன் 1984 ஆகஸ்டில் அதே ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். வயது 41. அகலத்தில் அக்கால்வாய் நம் நீரிணையிலும் சிறிது. ஒடுங்கிய இடத்தில் 33 கிலோமீட்டர். ஆயின் கோடையிலும் அதன் நீர் 15 முதல் 18 பாகைதான். அன்று அக்குளிரினுள் அவர் மனத்திலே என்ன நிகழ்ந்தது என்பதை யார் சொல்லவல்லார்? வேண்டாம் என்று உடல் முறையிடும்போது செவிகொடாமல் இருக்கப் பழகியவர் அவர். அந்தப் பழக்கமின்றி 51 மணி நேரம் இல்லை.

கடுங்குளிர் முதலில் கையைப் பற்றுகிறது. பின்னர் அறிவை மந்தப்படுத்துகிறது. தன் நிலை தனக்கே தெரியாத நிலைக்கு நீந்துபவன் வந்துவிடுகிறான். ஆதலினாலேயே துணைப்படகில் இருப்போர், ‘முடியும், முடியும்’ என்று அவன் கூறுவதை மட்டும் நம்புவதில்லை. நிமிடத்திற்கு எத்தனை வீச்சு என்று எண்ணிக்கொண்டே வருகின்றனர். எண்ணிக்கை தளர்ந்து, கேட்ட கேள்விக்கு விடையும் குழறுமாயின், அவன் மறுத்தாலும் நீரிலிருந்து தூக்கிவிடுகின்றனர்.