ஏ.எல்.பி. தேர்வுக்குப் படிக்கும் முன்

பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் ஏ.எல்.பி. தேர்வு எழுதலாம். தேர்வானால் ரயில் இன்ஜினில் உதவி லோகோ பைலட் (ஏ.எல்.பி.) வேலை. ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். அதோடு இன்ஜினில் ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பத் தனிப்படி உண்டு.

புத்தகம் வாங்கும் முன் கண் டாக்டரைப் பாருங்கள். இந்த வேலைக்கு வேண்டியது ஏ-1 மருத்துவத் தகுதி. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை இருக்க வேண்டும். நிறக்குறைபாடு இருக்கக் கூடாது. லேசிக் செய்திருந்தாலும் வாய்ப்பில்லை. இரண்டு கட்ட எழுத்துத் தேர்வையும் கணினியில் நடக்கும் திறனறித் தேர்வையும் தாண்டியபின் மெடிக்கலில் திரும்பி வருகிற பிள்ளைகளின் ஏமாற்றம் பெரியது. ஊரிலேயே ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்துக்காக தேர்வுக்குப் படிக்கும் வருடங்களை இழக்க வேண்டாம்.

இன்ஜினுக்குள் இடப்பக்கம் லோகோ பைலட், வலப்பக்கம் உதவியாளர். சிக்னல் கண்ணில் பட்டதும் அது காட்டுவதை ஒருவர் கைநீட்டி உரக்கச் சொல்ல, மற்றவரும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னிரவு மூன்று மணிக்கும் இதே விதிதான். எந்த இடத்தில் வேகம் குறைக்க வேண்டும் என்ற விவரம் காஷன் ஆர்டர் தாளில் இருக்கும். லோகோ பைலட் சுமார் ஒரு நிமிடம் எந்தக் கருவியையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கும், பிறகு பஸ்ஸர் அடிக்கும். அப்போதும் அசைவில்லை என்றால் பிரேக் தானாக விழும்.

உண்மையான கஷ்டம் தூக்கத்தில்தான். சரக்கு ரயிலுக்கு நிலையான நேரம் கிடையாது. ‘கால்’ (பணிக்கான அழைப்பு) வந்தால் கிளம்ப வேண்டும், தீபாவளியானாலும். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துத் தலைமையிடம் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு. வெளியூரில் என்றால் ஊழியர் ஓய்வறையான ரன்னிங் ரூமில் 8 மணி நேரம். இதுபோக மாதத்தில் நான்கு முறை 30 மணி நேரம், அல்லது ஐந்து முறை 22 மணி நேரம் வார ஓய்வு. அந்த 30 மணி நேரத்துக்குள் வழக்கமான 16-ஐயும் அடக்கிவிடக் கூடாது, இரண்டும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும் என்று 2024-இல் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பேன். ஆயிரம் பேரைச் சுமந்து போகிறவரின் தூக்கம் அவருடைய சொந்த விவகாரம் மட்டுமல்ல.

பதவி உயர்வு படிப்படியாக வரும்: ஷண்டிங் (யார்டுக்குள் பெட்டிகளை இடம் மாற்றுவது), சரக்கு ரயில், பாசஞ்சர், கடைசியில் மெயில், எக்ஸ்பிரஸ்.

பெண்களும் தாராளமாக வரலாம். மகாராஷ்டிரத்தின் சுரேகா யாதவ் 1980களின் இறுதியிலேயே இந்த வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் பல இன்ஜின்களில் கழிப்பறை கிடையாது. புதியவற்றில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அதுவும் மெதுவாக. சேரும் முன் வேலையில் இருக்கும் ஒரு பெண் லோகோ பைலட்டிடம் இதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.